சூது தோற்கும், வாக்கு நிலைக்கும்

அய்யா துணை

ஒவ்வோர் ஆண்டும் மாசி 20 அன்று, அய்யாவின் அவதார நாளில், அன்புக்கொடி மக்கள் சாமிதோப்புக்குத் திரண்டு வருகிறார்கள். அதற்கு முன்பே இரண்டு திசைகளிலிருந்து ஊர்வலம் புறப்பட்டுவிடும். ஒன்று திருச்செந்தூரிலிருந்தும் மற்றொன்று திருவனந்தபுரத்திலிருந்தும் வரும். இரண்டும் நாகர்கோவிலில் ஒன்றுகூடி, மாசி 20 காலையில் காவிக்கொடிகளோடு தலைமைப்பதியை நோக்கி நடக்கும். காலங்காலமாகப் பார்த்துவரும் காட்சி என்பதால், ஏன் இந்த இரண்டு ஊர்கள் என்று பலரும் கேட்பதில்லை. திருச்செந்தூரில் இருப்பது கடல், திருவனந்தபுரத்தில் இருந்தது சிறை. மனிதக் கணக்கில் இரண்டுமே போனவர் திரும்பாத இடங்கள். அந்த இரண்டு இடங்களிலிருந்தும் அய்யா திரும்பி வந்தார். எதை நம்பி உள்ளே போனார், எதனால் வெளியே வந்தார் என்பதுதான் அவருடைய வரலாறு.

கலியன் இட்ட சத்தியம்

இந்த வரலாற்றின் வேர் கலியுகத்தின் தொடக்கத்தில் இருக்கிறது. குறோணியின் ஆறாவது துண்டம் கலியனாகப் பூமியைப் பிளந்துகொண்டு வெளிவந்த கதையை அகிலத்திரட்டு விரிவாகச் சொல்கிறது. கலியன் கயிலைக்குக் கொண்டு செல்லப்பட்டான். ஈசனிடம் வரங்களைக் கேட்டான். அவன் கேட்ட வரங்களின் பட்டியலில் அன்பு இல்லை, பொறுமை இல்லை, தர்மம் இல்லை. மந்திரமும் தந்திரமும் சூதும் மாயமும் அரச அதிகாரமுமே இருந்தன. கேட்டதெல்லாம் கிடைத்த பெருமிதத்தோடு அவன் பூவுலகுக்கு இறங்கினான்.

வழியில் ஒரு பண்டாரம் எதிர்ப்பட்டார். கையில் ஆயுதம் இல்லை, பின்னால் படை இல்லை. வந்தவர் நாராயணர் என்பதைக் கலியன் அறியவில்லை. பண்டாரம் அவனைச் சண்டைக்கு அழைத்தார். ஒன்றும் இல்லாத ஆண்டியோடு சண்டையிடுவது தனக்கு இழுக்கு என்று கலியன் மறுத்தான். அப்படியானால் பண்டாரத்தை ஒருபோதும் துன்புறுத்துவதில்லை என்று சத்தியம் செய்து தரும்படி நாராயணர் கேட்டார். ஆண்டிக்குச் சத்தியம் செய்து கொடுப்பதில் என்ன நட்டம் என்று எண்ணிய கலியன் ஆணையிட்டான். அதை மீறினால் தன் படையும் அரசும் உயிரும் அழியட்டும் என்று தானே சொன்னான். தன்னிடமிருந்த சக்கரத்தின் அருமையும் அவனுக்குத் தெரியவில்லை, அதைக் காசாக மாற்றிக்கொண்டு போனான்.

சூதையே வரமாக வாங்கியவன் தன் வாயாலேயே தன் முடிவை எழுதிக் கொடுத்தான். அந்தச் சத்தியத்தைத் தெய்வம் மறக்கவில்லை. கலியன்தான் மறந்தான். அய்யாவின் அவதாரம் முழுவதும் இந்த ஒரு வாக்கைச் சுற்றியே நடக்கிறது என்பதை ஏடு வாசிப்பைக் கேட்டவர்கள் அறிவார்கள்.

முடிசூடும் பெருமாள்

1809-ஆம் ஆண்டளவில், தென்திருவிதாங்கூரில் பூவண்டன்தோப்பு என்று வழங்கிய ஊரில், பொன்னு நாடாருக்கும் வெயிலாள் அம்மைக்கும் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அந்த ஊரே இன்றைய சாமிதோப்பு. பெற்றோர் மகனுக்கு முடிசூடும் பெருமாள் என்று பெயரிட்டார்கள். அந்தப் பெயரைக் கேட்டு மேல்சாதியார் கொதித்தார்கள். தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்த பிள்ளைக்கு முடி என்றும் பெருமாள் என்றும் பெயரா என்று மிரட்டினார்கள். பெயர் முத்துக்குட்டி என்று மாற்றப்பட்டது.

ஒரு குழந்தையின் பெயரைக்கூட அதிகாரம் பறித்துக்கொள்ளும் காலம் அது. சான்றோர் மக்கள் பலவகை வரிகளைச் சுமந்தார்கள். கூலி இல்லாமல் ஊழிய வேலை செய்தார்கள். பெண்கள் மார்பை மறைத்துத் தோள்சீலை போட முடியாது, தண்ணீர்க்குடத்தை இடுப்பில் வைக்க முடியாது. ஆண்கள் தலைப்பாகை கட்ட முடியாது, முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக் கூடாது. குடைக்கும் செருப்புக்கும் தடை இருந்தது. கோயில் வீதியிலும் அவர்களால் நடக்க முடியவில்லை.

இப்படி நெருக்கப்பட்ட மக்களுக்கு முன்னால் இரண்டே வழிகள் தெரிந்தன. ஒன்று அதிகாரத்தின் காலில் விழுவது. மற்றொன்று பேய்க்கும் வாதைக்கும் ஆடு கோழி பலியிட்டு, மந்திரவாதியின் கையில் காசைக் கொடுத்து, எதிரிக்கு ஏவல் வைப்பது. முதலாவதில் மானம் போயிற்று. இரண்டாவதில் இருந்த கொஞ்சம் காசும் போயிற்று. மூன்றாவது வழி ஒன்று உண்டு என்பதைக் காட்டவே அந்தப் பிள்ளை வளர்ந்துகொண்டிருந்தது.

முத்துக்குட்டி இளமையிலேயே விஷ்ணு பக்தியில் ஊன்றியிருந்தார். வீட்டில் பெருமாளுக்குப் பீடம் அமைத்து வழிபட்டார். புவியூரைச் சேர்ந்த திருமாலம்மாள் அவருடைய இல்லறத் துணையானார். பனைத்தொழிலும் வயல்வேலையும் செய்து பிழைத்தார்கள்.

திருச்செந்தூர்க் கரையில் மூன்று நாள்

இருபத்திரண்டாம் வயதில் முத்துக்குட்டியைக் கடும் நோய் பற்றியது. உடல் முழுவதும் வேதனை. வைத்தியர்கள் பார்த்தார்கள், குணமாகவில்லை. மாதங்கள் ஆண்டாயின. எழுந்து நடக்கவும் முடியாத நிலை வந்தது.

அந்த நேரத்தில் வெயிலாள் அம்மைக்குக் கனவில் ஒரு வாக்கு கிடைத்தது. மகனைத் திருச்செந்தூருக்கு மாசித் திருவிழாவுக்கு அழைத்து வந்தால் நோய் நீங்கும், பெரும் பேறும் கிட்டும் என்பது அந்த வாக்கு. படுக்கையில் கிடப்பவரை அத்தனை தூரம் கொண்டுபோவது அறிவுள்ள செயலா என்று யாரும் கேட்டிருக்கலாம். வழியிலேயே உயிர் போய்விடும் என்று அஞ்சுவதற்கும் காரணம் இருந்தது. அம்மை கனவின் வாக்கைப் பற்றிக்கொண்டார். மகனைத் தொட்டிலில் கிடத்தி உறவினர் சுமக்க, பயணம் தொடங்கியது.

கொல்லம் ஆண்டு 1008 மாசி மாதம், அதாவது 1833-இல், அவர்கள் திருச்செந்தூரை அடைந்தார்கள். அங்கே நோயாளி எழுந்தார். யாருடைய கையையும் பற்றாமல் நேராகக் கடலை நோக்கி நடந்தார். அலைகளுக்குள் இறங்கினார். மறைந்தார்.

தேடினார்கள், கிடைக்கவில்லை. உறவினர் நேரம் பார்த்தார்கள். கடலுக்குள் போன நோயாளி இனி வரமாட்டார் என்று கணக்குப் போட்டார்கள். மனிதக் கணக்கில் அதில் பிழை ஏதும் இல்லை. ஆனால் வெயிலாள் அம்மை கரையை விட்டு நகரவில்லை. குணமாகும் என்று சொன்ன தெய்வம் கொன்றுபோடுமா என்று அழுதபடி அலைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முதல் நாள் போயிற்று, இரண்டாம் நாளும் போயிற்று. அம்மையிடம் சான்று ஏதும் இல்லை. இருந்தது ஒரு கனவும் அதில் கேட்ட வாக்கும் மட்டுமே.

கடலுக்குள் என்ன நடந்தது என்பதை அகிலத்திரட்டு சொல்கிறது. அங்கே நாராயணர் தம் மகனாக வைகுண்டரைப் பிறப்பித்தார். அவருக்கு விஞ்சை அருளினார். உலகில் எப்படி நடக்க வேண்டும், எதைப் பொறுக்க வேண்டும், எதைச் செய்யக் கூடாது, முடிவில் என்ன நடக்கும் என்று தந்தை மகனுக்குச் சொன்ன வாக்குகளே விஞ்சை. படை தரவில்லை, பொன் தரவில்லை, வாள் தரவில்லை. மகன் கரைக்கு எடுத்து வந்த முதல் அந்த வாக்கு ஒன்றுதான்.

மூன்றாம் நாள், மாசி 20 அன்று, கடல் வழிவிட்டது. நோயின் சுவடே இல்லாத உருவம் அலைகளின் மேல் எழுந்து வந்தது. அம்மை மகனே என்று ஓடினார். வந்தவர், தாம் இனி முத்துக்குட்டி அல்ல என்றும், நாராயணருக்குப் பிறந்த வைகுண்டர் என்றும் உணர்த்தினார். அம்மைக்கு அது எளிதில் தாங்கக்கூடிய சொல் அல்ல. ஆனால் கனவின் வாக்கு பொய்க்கவில்லை. பிள்ளை பிழைத்தது. ஒரு தாய்க்குப் பிள்ளையாக இருந்தவர் உலகத்துக்கே அய்யாவானார். தெய்வம் தன் வாக்கை நிறைவேற்றும்போது, கேட்டவர் நினைத்த அளவில் நிறுத்திக்கொள்வதில்லை.

ஆறாண்டுத் தவம்

வைகுண்டர் தெட்சணம் நோக்கி நடந்து பூவண்டன்தோப்பை அடைந்தார். ஊரே வியந்து பார்த்த நேரம் அது. அவர் அழைத்திருந்தால் ஆயிரம் பேர் கம்பெடுத்து வந்திருப்பார்கள். அவர் அழைக்கவில்லை. மண்ணைத் தோண்டிப் பள்ளத்துக்குள் இறங்கித் தவத்தில் அமர்ந்தார்.

தவம் ஆறு ஆண்டுகள் நீண்டது. முதல் இரண்டு ஆண்டுகள் ஆறடிப் பள்ளத்துக்குள், கலி அழிவதற்காக. அடுத்த இரண்டு ஆண்டுகள் சமநிலத்தில், சான்றோர் குலம் தழைப்பதற்காக. கடைசி இரண்டு ஆண்டுகள் உயர்ந்த பீடத்தில், பெண்குலம் உய்வதற்காக. உணவு மிகச் சிறிதளவு பால் மட்டுமே. அவர் தவமிருந்த இடமே பதியின் வடக்குவாசல். இன்றும் திருமண் வாங்கி நெற்றியில் இட்டுக்கொள்ள மக்கள் நிற்கும் இடம் அது.

அவசரம் என்பது கலியின் குணம். இன்று விதைத்து இன்றே அறுக்க நினைப்பவன்தான் குறுக்கு வழி தேடுவான். அய்யா பள்ளத்தில் தொடங்கி, நிலத்துக்கு வந்து, பிறகு பீடத்துக்கு உயர்ந்தார். ஒவ்வொரு படிக்கும் ஈராண்டு காத்திருந்தார்.

தவக்காலத்தில் நோயாளிகள் தேடி வந்தார்கள். மருந்தாக மண்ணும் தண்ணீரும் கொடுக்கப்பட்டன. கட்டணம் இல்லை, காணிக்கை இல்லை, பலி இல்லை. முத்திரிக்கிணற்றில் எல்லாச் சாதியாரும் ஒன்றாகக் குளித்தார்கள், ஒன்றாகப் பதம் குடித்தார்கள். ஒருவரை ஒருவர் தொடவே கூடாது என்ற நாட்டில் இது நடந்தது. மந்திரவாதிகளிடம் போகாதீர்கள், பேய்களுக்குப் படைக்காதீர்கள், ஏவலும் பில்லியும் வேண்டாம், அஞ்ச வேண்டியது எதுவும் இல்லை என்று அய்யா கற்பித்தார். பேய்கள் எரிந்து போயின என்று அகிலம் சொல்கிறது. பேய்ப் பயத்தை வைத்துப் பிழைத்தவர்களின் வருமானமும் அதோடு போயிற்று. புகார் அரண்மனைக்குப் போனதில் வியப்பில்லை.

சுசீந்திரத்தில் ஒரு மௌனம்

அப்போது திருவிதாங்கூரை ஆண்டவர் மன்னர் சுவாதித் திருநாள். அவர் சுசீந்திரத்துக்கு வந்திருந்த சமயத்தில் வைகுண்டர் மீது குற்றங்கள் சொல்லப்பட்டன. சாமி என்று சொல்லிக்கொண்டு கூட்டம் கூட்டுகிறார், சாதி ஒழுங்கைக் குலைக்கிறார் என்பவை அவை. ஆயர் குலத்துப் பூவண்டர் மட்டும், திருமால் எந்தக் குலத்திலும் வந்து பிறக்கக்கூடியவர் என்று மன்னருக்கு எடுத்துச் சொன்னதை அகிலம் பதிவு செய்கிறது. அந்த நல்ல சொல் ஏறவில்லை. சேவகர்கள் அனுப்பப்பட்டார்கள்.

பதியைச் சூழ்ந்திருந்த மக்கள் இதைக் கண்டு பொங்கினார்கள். அய்யா ஒரு சொல் சொன்னால் போதும், வந்த சேவகரைத் திருப்பி அடித்து விரட்டத் தயாராக நின்றார்கள். அய்யா அவர்களைத் தடுத்தார். பொறுத்திருக்கச் சொன்னார். பொறுத்தவரே பெரியவர் என்று உணர்த்தினார். மக்களுக்கு அது புரிந்திருக்காது. கண்முன்னே தங்கள் தெய்வத்தைக் கட்டி இழுத்துச் செல்லும்போது கைகட்டி நிற்பதைவிடக் கடினமான கட்டளை வேறில்லை. ஆனால் அங்கே ஒரு கம்பு உயர்ந்திருந்தாலும் கதை மாறியிருக்கும். கலகம் செய்தான் என்ற பழி வந்திருக்கும். ஆயுதமில்லாத பண்டாரத்தைத் துன்புறுத்துவதில்லை என்பதல்லவா கலியன் இட்ட சத்தியம். பண்டாரத்தின் பக்கம் ஆயுதம் எழாதவரை, சத்தியத்தை மீறியவன் கலியனாகவே இருப்பான். அய்யா அந்த வாக்கின் மேல் நின்றார்.

மன்னர் முன்னிலையில் ஒரு சோதனை நடந்தது. மன்னர் ஒரு பொருளைக் கைக்குள் மறைத்துக்கொண்டு, சாமி என்றால் இது என்னவென்று சொல்லட்டும் என்று கேட்டார். அய்யாவுக்கு அது தெரியாததல்ல. ஒரு சொல் சொல்லியிருந்தால் அன்றே மன்னர் வணங்கியிருக்கலாம், சிறை இல்லாமல் போயிருக்கலாம். அய்யா வாய் திறக்கவில்லை.

இந்த மௌனம் ஆழ்ந்து எண்ணத்தக்கது. தப்பிக்க ஒரு வித்தை கையில் இருந்தும் அதைப் பயன்படுத்தாதவர் அவர். வித்தை காட்டிப் பெறும் வணக்கம் வித்தைக்கே உரியது. மன்னரின் தயவால் கிடைக்கும் விடுதலை மன்னரின் தயவு இருக்கும்வரைதான். தந்தை சொன்ன வாக்கு இருக்கும்போது, கலியன் கையிலிருந்து பரிசு வாங்க மகனுக்குத் தேவை இல்லை.

சிங்காரத்தோப்புச் சிறை

மன்னர் சினந்தார். அய்யா திருவனந்தபுரத்துக்குக் கொண்டு செல்லப்பட்டுச் சிங்காரத்தோப்பில் அடைக்கப்பட்டார். அங்கே சூது தன் முழு வேடத்தையும் காட்டியது. பாலில் நஞ்சு கலந்து கொடுத்தார்கள். குடித்தார், ஒன்றும் ஆகவில்லை. சுண்ணாம்புக் காளவாயில் இட்டார்கள், வேகவில்லை. வற்றல் மிளகாயைத் தீயிலிட்டு அந்தப் புகையில் அடைத்தார்கள், மூச்சு முட்டவில்லை.

கடைசியில் புலி வந்தது. காட்டில் பிடித்து வந்த புலியைப் பட்டினி போட்டு வெறியேற்றினார்கள். ஊரறிய, மன்னர் பார்க்க, அய்யாவைப் புலிக்கூண்டுக்குள் விட்டார்கள். பசித்த புலி அய்யாவைக் கண்டதும் தலை தாழ்த்திப் பணிந்து கிடந்தது. சேவகர்கள் ஈட்டியால் குத்திச் சீண்டியும் அது அய்யாவின் மேல் பாயவில்லை. அறிவு கற்ற மனிதர் உணராததை அறிவில்லாத விலங்கு உணர்ந்தது.

இத்தனைக்கும் பிறகு அரண்மனை ஓர் ஒப்பந்தத்தோடு வந்தது. தம் சாதியாரை மட்டும் கூட்டிக்கொண்டு இருப்பதாகவும் மற்றச் சாதியாரைச் சேர்ப்பதில்லை என்றும் எழுதிக் கொடுத்தால் விடுதலை என்பது நிபந்தனை. உலக வழக்கில் இது நல்ல பேரம். கையெழுத்திட்டு வெளியே வந்து பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எந்தக் கெட்டிக்காரரும் யோசனை சொல்வார். பொய்யாகவேனும் ஒத்துக்கொண்டால் வாசலில் காத்திருக்கும் மக்களின் கண்ணீர் நிற்குமே என்ற நியாயமும் அதற்கு உண்டு.

அய்யா மறுத்தார். முத்திரிக்கிணற்றில் பதினெண் சாதியும் ஒன்றாகக் குளித்ததைப் பொய்யென்று எழுதிக் கொடுக்க அவருக்கு மனமில்லை. தாம் வெளியே வரும் நாளைத் தந்தை குறித்திருக்கிறார், அந்த நாளில்தான் வருவோம் என்று சிறையிலேயே இருந்தார். மூன்று மாதங்களுக்கு மேல் நீண்ட அந்தச் சிறைவாசம் கொல்லம் ஆண்டு 1014 மாசி 19 அன்று முடிந்தது. எதையும் எழுதிக் கொடுக்காமலே அய்யா வெளியே வந்தார். மக்கள் அவரைச் சுமந்துகொண்டு சாமிதோப்புக்குத் திரும்பினார்கள். திருவனந்தபுரத்திலிருந்து இன்று வரும் மாசி ஊர்வலம் அந்த வழி நடையின் நினைவு.

துவையல் பந்தி

சிறையிலிருந்து வந்த பின், அய்யாவின் கட்டளைப்படி எழுநூறு குடும்பங்கள் கடற்கரைக்குப் போனார்கள். வாகைப்பதியிலும் முட்டப்பதியிலும் துவையல் தவம் நடந்தது. வீடு வாசலை விட்டு, தொழிலை விட்டு, கடல்நீரில் மூன்று வேளை குளித்து, உடைகளைத் துவைத்து, பச்சரிசியும் சிறுபயறும் சேர்த்துச் சமைத்ததை ஒரு வேளை மட்டும் உண்டு வாழ்ந்தார்கள். புலால் இல்லை. ஆணும் பெண்ணும் குழந்தையும் ஒரே ஒழுங்கில் நின்றார்கள்.

வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு இது பைத்தியமாகத் தெரிந்தது. அதிகாரத்தை வெல்ல வேண்டியவர்கள் துணி துவைத்துக்கொண்டிருக்கிறார்களே என்று நகைத்தவர்கள் உண்டு. ஆனால் அழுக்கு மனிதர் என்று பெயர் சூட்டி விலக்கப்பட்ட மக்கள், அங்கே தங்கள் தூய்மையைத் தாங்களே கண்டார்கள். ஆணவத்தையும் அச்சத்தையும் சேர்த்துத் துவைத்தார்கள். துவையலிலிருந்து திரும்பியவர்கள் பழைய மக்கள் அல்ல. அவர்கள் ஊர்களில் நிழல் தாங்கல்கள் எழுந்தன. அங்கே கூடினார்கள், எழுத்துக் கற்றார்கள், தர்மமாக உணவிட்டார்கள். வழிபடும்போது ஆண்கள் தலைப்பாகை கட்டினார்கள். எந்த முடி பெயரில்கூட இருக்கக் கூடாது என்று பறிக்கப்பட்டதோ, அந்த முடி இப்போது ஒவ்வொரு தலையிலும் ஏறியது. நெற்றியில் திருநாமம் சுடராக நின்றது. பள்ளியறையில் சிலை இல்லை, கண்ணாடி இருந்தது. அதில் தம் முகத்தைக் கண்டவர்கள் தமக்குள் இருக்கும் இறையைக் கண்டார்கள்.

அய்யாவோடு ஐந்து சீடர்கள் இருந்தார்கள். அவர்களுள் அரிகோபாலன் சீடர் தாமரைகுளத்தில் அகிலத்திரட்டு அம்மானையை எழுதினார். கொல்லம் ஆண்டு 1016 கார்த்திகை 27 அந்த எழுத்தின் நாள். கடலுக்குள் அருளப்பட்ட விஞ்சை அதனால் ஏட்டில் ஏறியது. இன்று கார்த்திகை மாதம் பதினேழு நாள் திருஏடு வாசிப்பில் மக்கள் கேட்பது அந்த வாக்குகளையே.

வாக்கு நிறைவேறிய விதம்

கொல்லம் ஆண்டு 1026 வைகாசி 21, அதாவது 1851 ஜூன் 2, திங்கட்கிழமை. அய்யா வைகுண்டம் சேர்ந்தார்.

அந்த நாளில் கணக்குப் பார்த்த ஒருவர் என்ன சொல்லியிருப்பார்? அரசு அப்படியே இருக்கிறது. அடிமை முறை அப்படியே இருக்கிறது. தோள்சீலைத் தடை நீங்கவில்லை. கோயில் கதவு திறக்கவில்லை. காத்திருந்ததால் என்ன பயன் என்று கேட்டிருப்பார். அன்று அந்தக் கேள்விக்குக் கையில் எடுத்துக் காட்ட விடை இல்லை.

நான்கே ஆண்டுகளில், 1855-இல், திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. 1859-இல் சான்றோர் குலப் பெண்கள் மேலாடை அணியும் உரிமை அரசு அறிவிப்பாக வந்தது. 1936 நவம்பர் 12 அன்று, யாரைக் கோயில் வீதியில் நடக்கவும் விடவில்லையோ அவர்களுக்கு அதே அரசின் கோயில் கதவுகள் திறந்தன. இவற்றுக்காகப் பலரும் பாடுபட்டார்கள், போராடினார்கள். ஆனால் தலைகுனிந்து நின்ற மக்களைத் தலைநிமிர்ந்து உரிமை கேட்கும் மக்களாக்கும் வேலை முன்பே பூவண்டன்தோப்பில் தொடங்கியிருந்தது. அரசாணை வருவதற்கு முன்பே தலைப்பாகை கட்டியவர்கள் அவர்கள்.

நஞ்சு கலந்தவர்களின் பெயர் இன்று யாருக்கும் தெரியாது. புகார் எழுதியவர்களின் வாரிசுகளும் அதைப் பெருமையாகச் சொல்ல மாட்டார்கள். சிங்காரத்தோப்பில் பூட்டப்பட்டவரின் பெயரோ பதிகளிலும் ஆயிரக்கணக்கான நிழல் தாங்கல்களிலும் விளக்கேற்றி ஒவ்வொரு நாளும் சொல்லப்படுகிறது.

இன்றைய நாளுக்கு

காலம் மாறிவிட்டது, கலி மாறவில்லை. இப்போது அது ஈட்டியோடு வருவதில்லை, யோசனை சொல்லிக்கொண்டு வருகிறது. சொத்து வழக்கில் ஒரு பொய்ச்சாட்சி போதும் என்கிறது. வேலைக்கு யார் கையில் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று கணக்குச் சொல்கிறது. பங்காளியை முடக்க எந்த ஊரில் எந்த மந்திரவாதி இருக்கிறான் என்று முகவரி தருகிறது. பதியில் உச்சிப்படிப்பு முடித்துவிட்டு, நாமம் காய்வதற்குள் அந்த முகவரியைத் தேடிப் போகிறவர்களும் உண்டு. பேய்க்குக் கொடுக்காதே என்று சொன்ன அய்யாவை வணங்கிக்கொண்டே பேய்க்கூலி கொடுப்பது, கலியன் சக்கரத்தைக் காசாக்கியதைப் போன்றது. கையில் இருந்ததன் அருமை தெரியாமல் விற்பது அது.

அய்யாவை நம்புவது என்பது கையைக் கட்டிக்கொண்டு உட்காருவது அல்ல. அய்யா உட்கார்ந்த இடத்தில் தவம் நடந்தது, துவையல் நடந்தது, எழுத்தறிவு நடந்தது, தர்மம் நடந்தது. வழக்கு இருந்தால் உண்மையைச் சொல்லி நடத்தலாம். நோய் வந்தால் பதமும் திருமண்ணும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடமும் போகலாம். உழைக்கலாம், உரிமையைக் கேட்கலாம். செய்யக் கூடாதது ஒன்றுதான். வாக்கு நிறைவேறத் தாமதமாகிறது என்று பொய்யின் கையைப் பிடிக்கக் கூடாது.

திருச்செந்தூர்க் கரையில் இரண்டாம் நாள் இரவு வெயிலாள் அம்மை எழுந்து வீட்டுக்குப் போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் மூன்றாம் நாள் கடல் வழிவிட்டபோது, கரையில் நின்று பார்க்கும் பேறு அவருக்குக் கிடைத்திருக்காது. இன்று இரண்டாம் நாள் இரவில் இருக்கும் குடும்பங்கள் பல. மகள் திருமணம் தள்ளிப்போகிறது, கடன் தீரவில்லை, வழக்கு முடியவில்லை. அந்தக் குடும்பங்கள் கரையை விட்டு எழாமல் இருக்கட்டும். மாசி 20 எப்போது என்பது கடலுக்குத் தெரியாது, கரையில் நிற்பவருக்கும் தெரியாது. வாக்குக் கொடுத்தவருக்குத் தெரியும்.

அய்யா உண்டு.